பெய்யாத மழை 201.6 மில்லிமீட்டர்: அழகர்மலை அடிவாரத்து டேட்டாலாகர் இணைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

அழகர்மலையின் தெற்கு அடிவாரத்தில் ஒரு கண்மாய். மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் அதற்கு வரத்து. ஓடையின் குறுக்கே, மலையை ஒட்டி, சிறிய தடுப்பணை ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மழை கொட்டினால் தண்ணீர் தடுப்பணையைத் தாண்டிக் கண்மாயைத் தொடுவதற்குள் கரையில் இருப்பவர்களுக்குத் தகவல் வந்துவிட வேண்டும். எந்த மடையைத் திறப்பது, கலுங்குப் பலகையை எப்போது எடுப்பது என்று முடிவெடுக்க அந்த அவகாசம்தான் அவர்களுக்கு உள்ளது.

இதற்காக மூன்று நிலையங்கள் அமைந்தன. தடுப்பணை ஓரத்தில் ஓடை நிலையம்: நீர்மட்ட சென்சார், டிப்பிங் பக்கெட் மழைமானி (சிறு வாளி நிறைந்து கவிழ்வதை எண்ணுவது), டேட்டாலாகர் (அளவுகளைப் பதிந்து வைக்கும் கருவி), ரேடியோ. மலையின் நீட்டம் ஒன்று குறுக்கே விழுவதால் எந்த நிறுவனத்தின் கைபேசி சிக்னலும் அங்கே நிற்பதில்லை. அங்கிருந்து 3 கிலோமீட்டரில், கண்மாய்க் கரைமேல், இதே கருவிகளோடு கரை நிலையம். அதிலிருந்து 4 கிலோமீட்டரில், ஊர் மேல்நிலை நீர்த்தொட்டியின் உச்சியில், சென்சார் எதுவும் இல்லாத தொட்டி நிலையம். அங்கே ஒரு ரேடியோவும் ஒரு 4ஜி மோடமும் மட்டும். மோடத்தின் மறுமுனை மதுரை அலுவலகத்து சர்வர். நான்கு இடத்திலும் பேசும் மொழி மோட்பஸ் ஆர்டியூ: ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்லும் நெறிமுறை.

இந்த இணைப்பு முதலில் பாதித் தகவலைத் தராமல் நின்றது. அதைச் சரிசெய்த பிறகு தப்பான தகவலைத் தந்தது. இரண்டு கட்டத்திலும் சிக்னல் நன்றாகவே இருந்தது. அப்படியும் முதலில் பழி விழுந்தது சிக்னல்மேல்தான். ஆன்டெனாவைத் திருப்பினார்கள், குழாயை உயர்த்தினார்கள், சிம்மை மாற்றினார்கள். கோளாறு இருந்த இடம் வேறு: யார் யாரைக் கூப்பிடுவது, பதில் எவ்வளவு நீளம், கூப்பிட்டவர் எவ்வளவு நேரம் காத்திருப்பது.

பாதை

ரேடியோ வாங்கும் முன் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-இல் விதி வந்தது. அனுப்பும் திறன் 1 வாட், ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் பயனுறு திறன் 4 வாட், அலை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ் என்பவை அதன் வரம்புகள். 2021-இல் மேல் எல்லை 868 வரை நீண்டது. அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து 902–928 ரேடியோ வாங்கிவிடக் கூடாது. நம் ஊரில் கைபேசிகள் டவருக்குப் பேசும் 890–915 அந்த இடத்தில்தான் விழுகிறது. கேம்பெல் சயின்டிஃபிக் டேட்டாலாகர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்த நிறுவனத்தின் ஆர்எஃப்407 ரேடியோ அமெரிக்க அலைவரிசைக்கானது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் மாடூலும் இந்த வேலைக்கு ஆகாது. அந்த அலைவரிசைக்கான விலக்கு கட்டடத்துக்குள், 10 மில்லிவாட் வரை மட்டுமே.

இங்கே போட்டது செம்டெக் எஸ்எக்ஸ்1276 சிப் கொண்ட லோரா மாடூல். லோரா என்பது குறைந்த வேகத்தில் வெகுதூரம் பேசும் ரேடியோ முறை. அலைவரிசை 866 மெகாஹெர்ட்ஸ், அகலம் 125 கிலோஹெர்ட்ஸ், ஸ்பிரெடிங் ஃபேக்டர் 9 (இந்த எண் கூடினால் எட்டும் தூரம் கூடும், வேகம் குறையும்), திறன் 20 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்த டெசிபல் அளவு), அதாவது 100 மில்லிவாட். ஐரோப்பியச் சந்தைக்கான மாடூல்கள் 868-இல் அமைத்தே வரும். பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலை அதை மாற்றுவது. சில மாடூல்களில் அலை அகலத்தை நேராக அமைக்க முடியாது, ‘காற்று வேகம்’ என்ற ஒரே எண்ணுக்குள் அது ஒளிந்திருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் 250-ஓ 500-ஓ இருந்தால் 200 என்ற வரம்பு உடைந்துவிடும். அகலத்தைத் தனியாக அமைக்க முடிகிற மாடூலாகப் பார்த்து வாங்குவதே சரி.

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. 4 கிலோமீட்டருக்கு 866 மெகாஹெர்ட்ஸில் வெட்டவெளி இழப்பு 103 டிபி (டெசிபல்). இரு முனையிலும் 5 டிபிஐ பெருக்கம் தரும் ஃபைபர்கிளாஸ் ஆன்டெனா, கேபிளில் தலா 2 டிபி இழப்பு என்று வைத்தால் வந்து சேர்வது −77 டிபிஎம். இந்த அமைப்பில் சிப் ஏறத்தாழ −129 வரை கேட்கும். கையிருப்பு 50 டிபிக்கு மேல்.

அந்தக் கையிருப்பைத் தின்பவை மரமும் மண்ணும் தண்ணீரும். 4 கிலோமீட்டர் பாதையின் நடுவில் முதல் ஃப்ரெனல் வளையத்தின் (பார்வைக் கோட்டைச் சுற்றி அலைக்குத் தேவையான இடம்) ஆரம் 18.6 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது சுமார் 11 மீட்டர், பார்வைக் கோட்டுக்குக் கீழே வெறுமையாக இருக்க வேண்டும். 3 கிலோமீட்டர் பாதைக்கு இது 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்மாய்க்குள் கருவேலங்காடு, கரையில் பனை, பாதி வழியில் ஒரு தென்னந்தோப்பு என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். கோடையில், வறண்ட கண்மாய்க்கு மேல் பார்த்த அளவை நம்பிவிடவும் கூடாது. கண்மாய் நிறைந்தால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அலையைத் திருப்பி அனுப்பும். நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும். இரு முனையும் 6 மீட்டர் உயரத்தில், இடையில் முழுக்கத் தண்ணீராக இருந்தால் இந்த இழப்பு 10 டிபி அளவுக்குப் போகும். ஒரு முனையை 15 மீட்டருக்கு ஏற்றினால் 2 டிபியாகச் சுருங்கும். தொட்டி உச்சியைத் தேர்ந்ததற்குக் கைபேசி சிக்னலைப் போலவே இதுவும் ஒரு காரணம்.

ஓடை நிலையத்தில் இன்னொரு எதிராளி, குரங்கு. ரப்பர் ஆன்டெனா ஒரு வாரம்கூடத் தாங்காது. வெளியே தொங்கும் கேபிள் ஊஞ்சலாகிவிடும். 6 மீட்டர் ஜிஐ குழாய்க்குள்ளேயே கேபிளை இறக்கி, உச்சியில் ஃபைபர்கிளாஸ் ஆன்டெனாவை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினால்தான் நிற்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிப்போகட்டும். கேபிள் வகையும் முக்கியம்: ஆர்ஜி58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு அரை டிபி தின்னும். 15 மீட்டர் ஓட்டினால் 7.5 டிபி போய்விடும். எல்எம்ஆர்400 என்றால் அதே நீளத்துக்கு 2 டிபி.

கனெக்டரில் ஒரு பொறி இருக்கிறது. எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ இரண்டும் ஒன்றில் ஒன்று திருகிக்கொள்ளும். ஆனால் தப்பாக ஜோடி சேர்ந்தால் நடு ஊசி ஊசியோடு முட்டும், அல்லது ஓட்டையோடு ஓட்டை சேர்ந்து தொடர்பே இருக்காது. கையால் இறுக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. மேசைமேல் இரண்டு மீட்டரில் வைத்துப் பார்த்தால் இணைப்பு கச்சிதமாக வேலை செய்யும். களத்தில் செத்துவிடும். மாட்டும் முன் இரு பக்கமும் கண்ணால் பார்த்து, ஒன்றில் ஊசி, மற்றதில் ஓட்டை என்று உறுதி செய்ய வேண்டும்.

மோடம்: யார் யாரைக் கூப்பிடுவது

தொலைபேசி மோடம் காலத்தில் அலுவலகம்தான் கூப்பிடும். களத்து மோடத்தில் எஸ்0 என்ற ரிஜிஸ்டரை (ஒரு எண்ணைத் தாங்கும் நினைவக இடம்) 1 ஆக்கி வைத்தால் ஒரு மணி அடித்ததும் எடுக்கும். அப்புறம் 9600 வேகத்தில் நேரடிப் பேச்சு. ஜிஎஸ்எம் வந்த புதிதிலும் டேட்டா கால் என்ற பெயரில் இது தொடர்ந்தது. 4ஜியில் அப்படி ஒரு அழைப்பே கிடையாது. மோடத்துக்குக் கிடைப்பது ஒரு ஐபி முகவரி, அதுவும் பெரும்பாலும் நிறுவனத்தின் ‘நாட்’ (NAT, பல உள்முகவரிகளை ஒரு பொதுமுகவரியாக மாற்றும் ஏற்பாடு) என்பதற்குப் பின்னால் இருக்கும் உள்முகவரி. வெளியிலிருந்து அந்த முகவரியைத் தட்ட முடியாது. ஆகவே திசை மாறுகிறது: அலுவலகத்தில் நிலையான பொது ஐபியும் திறந்த ஒரு போர்ட்டும் (எண்ணிட்ட இணைப்பு வாசல்) இருக்க வேண்டும். களத்து மோடம் டிசிபி கிளையன்டாக, அதாவது இணைப்பைத் தொடங்குபவராக, இருந்து அந்த போர்ட்டைக் கூப்பிட வேண்டும். அந்த இணைப்பு திறந்திருக்கும்வரை சர்வர் அதன் வழியாகக் கேள்வி அனுப்பலாம். பழைய கையேட்டை வைத்துக்கொண்டு மோடத்தை சர்வராக அமைத்தால் நாள்முழுக்க யாரும் தட்டாத கதவைத் திறந்து வைத்த கதைதான்.

இணைப்பு சும்மா கிடந்தால் நாட் அதை மறந்துவிடும். இரு முனையும் இணைப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், நடுவில் வழி இருக்காது. இதற்காக 60 விநாடிக்கு ஒருமுறை துடிப்புச் செய்தி அமைத்தார்கள். தலைப்பும் ஒப்புகையும் சேர்த்து ஒரு துடிப்புக்கு சுமார் 100 பைட். நாளுக்கு 1440 துடிப்பு, 144 கிலோபைட். மாதம் 4.3 மெகாபைட். எந்தத் திட்டத்திலும் இது பெரிய செலவில்லை.

இங்கே மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. துடிப்பும், இணைந்தவுடன் மோடம் அனுப்பும் பதிவுப் பெயரும், சர்வருக்கு மோட்பஸ் பதில் வரும் அதே குழாயில்தான் வரும். பிரித்தெடுக்காமல் விட்டால் பதிலின் முன்னால் இரண்டு பைட் ஒட்டிக்கொண்டு சிஆர்சி (செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பிழை காட்டும். சர்வர் நிரல் முதலில் இவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை மட்டும் மோட்பஸ் பகுதிக்குத் தர வேண்டும்.

சிம் விஷயம் சுருக்கமாக: பின் எண் (PIN) பூட்டை எடுத்துவிட்டுப் போடுங்கள். எம்2எம் (கருவிகளுக்கான) சிம் என்றால் எண் 13 இலக்கம், ஏபிஎன்னும் (இணையத்துக்குள் நுழையும் வாயிலின் பெயர்) சாதாரணக் கைபேசியுடையதாக இருக்காது. தந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மோடத்திடம் பதிவு நிலை கேட்டு 0,1 வந்தால் சொந்த வலை, 0,5 என்றால் ரோமிங், இரண்டும் சரி. 0,2 என்றால் இன்னும் தேடுகிறது. 0,3 என்றால் வலை மறுத்துவிட்டது, இதற்கு ஆன்டெனாவைத் திருப்பிப் பயனில்லை, சிம்மைப் பாருங்கள். சிக்னல் கேட்டால் வரும் 0–31 எண்ணை இரட்டித்து 113-ஐக் கழித்தால் டிபிஎம். 99 என்றால் தெரியவில்லை என்று பொருள். 4ஜியில் இந்த எண் ஓரளவுக்குத்தான் உதவும். ஆர்எஸ்ஆர்பி (4ஜி டவர் சிக்னலின் வலிமை) அளவைப் பார்ப்பது மேல். −105க்கு மேலே இருந்தால் நிம்மதி, −115க்குக் கீழே போனால் ஒவ்வொரு மழைக்கும் அறுந்து அறுந்து ஒட்டும். மூன்று வரிக் கேபிள் போட்டிருந்தால் &டி0 கட்டளை கொடுத்து டிடிஆரை (‘கருவி தயார்’ என்று சொல்லும் தனிக் கம்பி) மோடம் கண்டுகொள்ளாதபடி செய்து, &டபிள்யூ கொடுத்துச் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் போய் வந்ததும் பழையபடி ஆகிவிடும்.

தொட்டி உச்சிப் பெட்டிக்குக் கீழேயிருந்து 20 மீட்டர் நீளத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 12 வோல்ட் ஏற்றியிருந்தார்கள். போக வர 40 மீட்டர், 1.4 ஓம். மோடம் ஒரு ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 1.4 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். பேட்டரி 11.8-இல் இருக்கும் விடியற்காலையில் மோடத்துக்கு எட்டுவது 10.4. மோடம் தூங்கி விழித்து, மறுபடி இணைந்து, மறுபடி விழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ‘டவர் சரியில்லை’ என்றே தோன்றும். பேட்டரியை உச்சிக்கே, மோடத்தின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, நீளக் கம்பியில் சார்ஜ் மட்டும் ஏற்றினால் தீர்ந்தது. தடித்த கம்பி வாங்குவதைவிட இது மலிவு.

முதல் கோளாறு: சின்னக் கேள்விக்குப் பதில், பெரிய கேள்விக்கு மௌனம்

ஆரம்ப அமைப்பில் சர்வர் ஒவ்வொரு நிலையத்தையும் இரண்டு விதமாகக் கேட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்போதைய அளவு, 4 ரிஜிஸ்டர். நாளுக்கு ஒருமுறை 24 மணிநேர நீர்மட்டமும் 24 மணிநேர மழையும் சேர்ந்து 48 ரிஜிஸ்டர். முதல் கேள்விக்குத் தவறாமல் பதில் வந்தது. இரண்டாவதற்கு எப்போதுமே சிஆர்சி பிழை.

பாதி வேலை செய்து பாதி செய்யாத இடத்தில் சிக்னலைச் சந்தேகப்படுவது நேர விரயம். அளவைப் பாருங்கள். மோட்பஸ் பதிலில் முகவரி, செயல் எண், பைட் எண்ணிக்கை, சிஆர்சி என்று 5 பைட். அதோடு ரிஜிஸ்டருக்கு 2. நான்கு ரிஜிஸ்டருக்கு 13 பைட். 48 ரிஜிஸ்டருக்கு 101 பைட். இங்கே போட்ட ரேடியோ மாடூல் ஒரு பொட்டலத்தில் ஏற்றுவது 58 பைட். மீதி 43 பைட் அடுத்த பொட்டலத்தில் வரும். இரண்டுக்கும் நடுவே, இந்த வேகத்தில், கால் விநாடிக்கு மேல் இடைவெளி விழும். மோட்பஸ் ஆர்டியூவுக்கோ 3.5 எழுத்து நேரம் மௌனம் வந்தாலே சட்டகம், அதாவது ஒரு முழுச் செய்தி, முடிந்தது என்று அர்த்தம். 9600 வேகத்தில் அது 4 மில்லிவிநாடி. ஆக முதல் 58 பைட்டையே முழுப் பதிலாக எடுத்துக்கொண்டு, சிஆர்சி பொருந்தவில்லை என்று தூக்கிப்போட்டுவிடும். கம்பியில் ஒருநாளும் வராத கோளாறு இது. ஒரே பதில், அறையில் கேபிளில் சோதித்தால் சரி, ரேடியோவில் போட்டால் பிழை.

மருந்தும் எளிது என்று தோன்றியது. நாளின் கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள்: நீர்மட்டம் 24, மழை 24. ஒவ்வொரு பதிலும் 53 பைட், ஒரே பொட்டலத்தில் அடங்கும். பிழை மறைந்தது. அடுத்த கோளாறு பிறந்ததும் இந்த மருந்தில்தான்.

பெய்யாத மழை

பிரித்த பிறகு சில நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலையில் ஓடை நிலையத்தின் மழைக் கட்டத்தில் மணிக்கு மணி 8.4 மில்லிமீட்டர் என்று 24 வரி. கூட்டினால் 201.6. அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைச் செய்தி தானாகப் போய்விட்டது. கரையில் இருந்தவர் கூப்பிட்டார்: “ஏண்ணே, இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. மலை மேல ஒரு பொட்டு மேகம் இல்ல. நீங்க என்னண்ணே கலுங்குப் பலகைய எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கீங்க?”

அந்த 8.4-ஐக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும். தடுப்பணையில் அன்று நீர்மட்டம் 84 சென்டிமீட்டர். மழை ரிஜிஸ்டரின் அலகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. 84 என்ற அதே எண் மழைக் கட்டத்தில் விழுந்தால் 8.4 மில்லிமீட்டர். நீர்மட்டக் கட்டத்திலும் 84 சரியாகவே இருந்தது. ஒரே பதில் இரண்டு கட்டத்திலும் நிரம்பியிருக்கிறது.

கண்டுபிடிக்க உதவியது ஒட்டுக்கேட்கும் ரேடியோ ஒன்று. பல லோரா மாடூல்களில் 65535 என்பது எல்லாருக்கும் பொதுவான முகவரி. அந்த முகவரியும் அதே அலைவரிசையும் கொடுத்த நான்காவது மாடூலை மடிக்கணினியில் செருகிக் கரைமேல் வைத்தால், காற்றில் போகும் ஒவ்வொரு பொட்டலமும் நேரத்தோடு திரையில் விழும். ரேடியோ இணைப்பு போடும் யாரும் இதைக் கையில் வைத்திருக்காமல் களத்துக்குப் போகக் கூடாது. அதில் தெரிந்த கணக்கு இது.

ஓடை நிலையத்து ரேடியோ மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கி, 2 விநாடிக்கு ஒருமுறை விழித்துக் கேட்கும்படி அமைந்திருந்தது. அதை எழுப்பக் கரை நிலையம் 2 விநாடி நீளத்துக்கு முன்னோட்ட அலையைக் கூவ வேண்டும். கேள்வி அலுவலகத்திலிருந்து 4ஜியில் வர 0.2 முதல் 1.5 விநாடி. மோடம் சும்மா இருந்துவிட்டு விழித்தால் அதிகம் பிடிக்கும். தொட்டியிலிருந்து கரைக்கு 0.12. கரையிலிருந்து ஓடைக்கு, எழுப்புவதையும் சேர்த்து, 2.1. லாகர் பதில் தயாரிக்க 0.5. பதில் திரும்ப இரு தாவலுக்கு (ஒரு ரேடியோவிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) 0.33 வீதம் 0.66. மறுபடி 4ஜியில் 0.1 முதல் 1. குறைந்தது 3.7 விநாடி, அதிகபட்சம் 5.9. சர்வரின் டைம்அவுட், அதாவது பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம், 4 விநாடி, மறுமுயற்சி 1. ஆக 4ஜி விழிப்பாக இருந்த நாளில் சரி, தூங்கிய நாளில் தப்பு.

தப்பான நாளில் நடந்தது: 0-இல் நீர்மட்டக் கேள்வி. 4-இல் பொறுமை தீர்ந்து அதே கேள்வி மறுபடி. 4.8-இல் முதல் கேள்விக்கான பதில் வந்துவிட்டது. சர்வர் ஏற்றுக்கொண்டு, உடனே மழையைக் கேட்டது. அந்த மழைக் கேள்வி தொட்டியிலிருந்து கிளம்பிய நேரத்தில் கரை நிலையம் இரண்டாவது நீர்மட்டக் கேள்விக்காக ஓடை நிலையத்தை எழுப்பிக் கூவிக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் அந்த ரேடியோவால் முடியாது. மழைக் கேள்வி யார் காதிலும் விழவில்லை. 8-ஆவது விநாடியில் இரண்டாவது நீர்மட்டப் பதில் வந்தது. மழைக்கான காத்திருப்பு 8.8 வரை இருந்ததால் சர்வர் அதையே மழை என்று எழுதிக்கொண்டது.

சர்வரைக் குறை சொல்ல முடியாது. மோட்பஸ் ஆர்டியூ பதிலில் எந்த ரிஜிஸ்டரிலிருந்து எடுத்தது என்ற தகவலே கிடையாது. முகவரி அதே ஓடை நிலையம், செயல் எண் அதே 3, நீளம் அதே 53 பைட், சிஆர்சி சரி. இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. மோட்பஸ் டிசிபியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பரிமாற்ற எண் உண்டு, பதிலும் அதே எண்ணோடு வரும். ஆர்டியூ ஒரே கம்பியில், உடனுக்குடன் பதில் வரும் சூழலுக்காகப் பிறந்தது. அதைத் தாமதம் நிறைந்த பாதையில் போடும்போது அந்த உத்தரவாதத்தை நாம்தான் கட்டித்தர வேண்டும். காணாமல் போன தகவலைவிட இது ஆபத்தானது. வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். நிரம்பிய கட்டத்தை நம்பித்தான் பலகையை எடுப்பார்கள்.

மாற்றியவை

முதலில் தூக்கத்தை எடுத்தார்கள். கணக்குப் போட்டால் அது தேவையே இல்லை. எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் ரேடியோ மாடூலுக்கு 15 மில்லிஆம்பியர், லாகருக்கும் சென்சாருக்கும் சராசரி 10. நாளுக்கு 0.6 ஆம்பியர்-மணி. 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுக்கலாம் என்று வைத்தாலும் சூரியன் முகமே காட்டாமல் கிட்டத்தட்ட 6 நாள் ஓடும். 10 வாட் பேனல் மரநிழலில் இருந்தாலும் அடைமழைக்கு நடுவே கிடைக்கும் ஓரிரு மணி வெயிலில் அன்றன்றைய செலவை ஈடுகட்டிவிடும். தூக்கம் தேவைப்படுவது எப்போதும் ஓடும் 4ஜி மோடத்துக்கு: 80 மில்லிஆம்பியர் என்றால் நாளுக்கு 1.9 ஆம்பியர்-மணி, அதே பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்காது. அதனால்தான் மோடம் மின்இணைப்பு உள்ள தொட்டியில் இருக்க வேண்டும், கரையில் அல்ல. தூக்கமுறையை எங்கே கட்டாயம் வைக்க வேண்டியிருந்தாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: பல மாடூல்களில் விழித்துக் கேட்கும் நிலையில் அனுப்ப முடியாது. பதில் சொல்லும் முன் சாதாரண நிலைக்கு மாற்றி, சொன்ன பிறகு திரும்ப மாற்றும் வேலை லாகர் நிரலில் இருக்க வேண்டும்.

அடுத்தது, சங்கிலியை வெட்டினார்கள். அலுவலகத்துக் கேள்வி இனி ஓடைவரை போவதில்லை. கரை நிலையம் மணிக்கு ஒருமுறை ஓடை நிலையத்தைக் கேட்டு, பதிலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அலுவலகம் கரையை மட்டும் கேட்கிறது. 4ஜி இரண்டு நாள் படுத்துவிட்டாலும் ஓடைத் தகவல் கரையில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரருக்காக மட்டும் காத்திருந்தால் போதும். கரை ஓடைக்காகக் காத்திருப்பது 3 விநாடி, அலுவலகம் கரைக்காக 8. இந்த எண்களை மனக்கணக்கில் போடக் கூடாது. ஒட்டுக்கேட்கும் ரேடியோவில் அளந்த அதிகபட்ச நேரத்தை இரட்டித்துப் போட வேண்டும். சங்கிலியை வெட்ட முடியாத இடத்தில், வெளியே இருப்பவரின் பொறுமை உள்ளே இருப்பவர்களின் காத்திருப்பும் மறுமுயற்சியும் எல்லாம் சேர்ந்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பதிலுக்கு முத்திரை. ஒவ்வொரு தொகுதியின் முதல் ரிஜிஸ்டரில் ஒரு அடையாள எண்: நீர்மட்டத்துக்கு 4101, மழைக்கு 4202. இரண்டாவதில் நாளும் மணியும். பிறகு 12 மணிநேர அளவு. மொத்தம் 14 ரிஜிஸ்டர், 33 பைட், 58-ஐ நெருங்கவே இல்லை. காற்றில் கால் விநாடி. அடையாள எண் பொருந்தாத பதிலை சர்வர் எழுதாது. அதோடு, ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் வரவுக் கிடங்கில் மிச்சம் கிடக்கும் பைட்டைத் துடைக்கிறது. டைம்அவுட் ஆன பிறகு உடனே மறுபடி கேட்காமல், இன்னொரு 8 விநாடி மௌனமாக இருந்து தாமதப் பதில்கள் வந்து சாக விடுகிறது. இந்த மௌனம் ஒன்றே அன்றைய பெய்யாத மழையைத் தடுத்திருக்கும்.

கேம்பெல் லாகர்களின் பாக்பஸ் நெறிமுறையில் இந்தக் குழப்பம் வராது, செய்திக்குச் செய்தி எண் உண்டு, நடுநிலையங்களே வழிகாட்டிகளாக நிற்கும். அங்கே மாட்டிக்கொள்வது முகவரியில். ஒவ்வொரு லாகரும் 1 என்ற முகவரியோடு வரும். 1 முதல் 4094 வரை தனித்தனி எண் தர வேண்டும், வழக்கமாக 4094 அலுவலகத்து லாகர்நெட் மென்பொருளுக்கு. இரண்டு லாகரை 1-இலேயே விட்டுவிட்டால் இரண்டும் மாறி மாறிப் பதில் சொல்லும். ஐபி வழியாகப் பேச போர்ட் 6785.

மேசைமேல்

களத்துக்கு ஏற்றும் முன் மூன்று நிலையத்தையும் ஒரே அறையில் வைத்து, களத்துக்கான அதே கம்பி, அதே பேட்டரி, அதே சிம்மோடு ஓட்ட வேண்டும். ஆன்டெனா இல்லாமல் ரேடியோவுக்கு மின்சாரம் தரக் கூடாது, அனுப்பும் பகுதி வெந்துபோகக்கூடும். ஆன்டெனாவுக்குப் பதில் 30 டிபி தணிப்பான் மாட்டினால் பக்கத்தில் இருப்பதால் வரும் பலத்த சிக்னல் கோளாறு எதையும் மறைக்காது.

வரிசை முக்கியம். முதலில் லாகரும் மடிக்கணினியும் கேபிளில். ஆர்எஸ்485 இரட்டைக் கம்பி இணைப்பில் ஏ, பி என்ற பெயர்களை ஆளுக்கு ஒரு மாதிரி போடுவார்கள். பதில் வரவில்லை என்றால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் கெட்டுப்போகாது. பிறகு அதே கேள்வியை ஒரு தாவல் ரேடியோவில். பிறகு இரண்டு தாவல். கடைசியில்தான் மோடம். ஒவ்வொரு படியிலும் மிகப் பெரிய கேள்வியைக் கேட்டு, பதில் நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். சின்னக் கேள்வி எதையும் நிரூபிக்காது. நீர்மட்டம், மழை இரண்டிலும் ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத எண்களை வேண்டுமென்றே வைத்து ஓட்டினால் கட்டம் மாறி விழுவது அன்றே தெரிந்துவிடும். பிறகு, மோடத்தை அரைமணி சும்மா விட்டுவிட்டு ஒருமுறை கேட்க வேண்டும். தூங்கி எழும் 4ஜியின் தாமதம் அப்போதுதான் தெரியும்.

இப்போது மூன்று பெட்டியின் கதவுக்குள்ளும் லேமினேட் செய்த ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ரேடியோ அலைவரிசை, ஸ்பிரெடிங் ஃபேக்டர், அகலம், முகவரி, மோட்பஸ் முகவரி, பாட்ரேட் (கம்பியில் தகவல் போகும் வேகம்), காத்திருப்பு விநாடி. தொட்டிப் பெட்டியின் தாளில் ஏபிஎன்னும் சர்வர் போர்ட்டும் சிம் ரீசார்ஜ் முடியும் தேதியும் கூடுதலாக. தேதி மட்டும் பென்சிலில்.